அண்ணன் சின்னதாக வைத்த ஆட்டம்

என் அண்ணன் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் பிரேக் மெக்கானிக்காக இருந்தார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது நிற்கும் சத்தத்தை வைத்தே, தேய்கிற பிரேக் லைனிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். வீட்டில் பேச்சு குறைவு. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உப்பு டப்பாவை எடுத்து என் பக்கமாக ஒரு விரல் அளவுக்கு நகர்த்தி வைப்பார். நானாகப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே டிப்போவின் கேன்டீனில்தான் எனக்கும் வேலை. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். டீ போடுவேன், டம்ளர் கழுவுவேன், ஓய்வறையைக் கூட்டுவேன். தம்பி அங்கேயே டிரைவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் அண்ணன்தான் வளர்த்தார். யாராவது அவரிடம் கல்யாணப் பேச்சை எடுத்தால், "ஏற்கெனவே ரெண்டு வண்டி ஷெட்ல நிக்குது, மூணாவதுக்கு இடமில்ல" என்பார்.

மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை ஓய்வறையில் சீட்டாட்டம் நடக்கும். பஸ்ஸின் பழைய இருக்கைப் பலகையை இரண்டு பிரேக் டிரம்களின் மேல் போட்டிருப்பார்கள், அதுதான் மேசை. ஆட்டம் போக்கர். டைம் கீப்பர் முன்னொரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர், அவர் கொண்டுவந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு, அதை மற்றவருக்குக் காட்டக் கூடாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்றைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பந்தயம் வைக்கலாம். கூட வர விருப்பமில்லாதவர் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். எல்லோரும் கவிழ்த்துவிட்டால் மிச்சமிருப்பவருக்குக் குவியல் முழுவதும் போகும், கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி. அவர் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை.

பந்தயத்துக்கு வாஷர். கழிவுப் பெட்டியில் பொறுக்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்த இரும்பு வாஷர்கள். சின்னது ஒன்று, பெரியது ஐந்து. மாதக் கடைசியில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ, அவர் ஒரு வாரம் எல்லோருடைய டீ டம்ளரையும் கழுவ வேண்டும். இதனால் ஆதாயம் அடைந்த ஒரே ஆள் நான்தான்.

டீயைக் கொடுத்துவிட்டுக் காலி டம்ளருக்காகச் சுவரோரமாக நிற்பேன். நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று பேருடைய சீட்டு தெரியும். அதற்கு யாரும் எதுவும் சொல்வதில்லை, என் முகத்தில் ஒன்றும் தெரியாது என்பதால். ஒரே ஒரு தடவை, அண்ணன் தோற்கப்போகிற கையை வைத்துக்கொண்டு வாஷரை எண்ணியபோது, என்னையறியாமல் "ச்சே" என்று சொல்லிவிட்டேன். ஆட்டம் நின்றது. டைம் கீப்பர் எல்லா வாஷரையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். "ஏன்யா, சுவரெல்லாம் பேசுது!" என்றார் ஒரு டிரைவர். அவருக்கு ஹாரன் என்று பெயர். பஸ்ஸில் அடிப்பதைவிட வாயால் அதிகம் அடிப்பவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "ரெண்டு பேரோட சீட்டையும் பாக்கறவங்க வாய் திறக்கக் கூடாது பாப்பா. அப்புறம் அது ஆட்டமே இல்ல" என்றார். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவருக்கு இன்னும் பாப்பாதான். அன்றிலிருந்து ஹாரன் என்னைச் சுவரு என்றே கூப்பிட்டார். "சுவரு, இன்னொரு டீ!"

அண்ணன் ஆடுவதைப் பார்த்துத்தான் நான் அந்த ஆட்டத்தைப் புரிந்துகொண்டேன். எதிராளியிடம் இந்தச் சீட்டுதான் இருக்கிறது என்று அவர் ஒருபோதும் நினைக்க மாட்டார். என்னென்ன சீட்டெல்லாம் இருக்கக்கூடும் என்றுதான் பார்ப்பார். அத்தனையையும் மனதில் பரப்பி வைத்துக்கொண்டு, எவ்வளவு வைத்தால் அதில் எது கூட வரும், எது ஓடும் என்று பார்ப்பார். வாஷரைத் தொடுவதற்கு முன்னால் பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணுவார். கணக்கு அதற்குள் முடிந்துவிடும்.

ஒரு ஆட்டம் நினைவிருக்கிறது. அண்ணன் கையில் இரண்டு ஒன்பது. நடுவில் திறந்த மூன்றில் இன்னொரு ஒன்பது, ஒரு ராணி, ஒரு நாலு. ராணியும் நாலும் ஆட்டின், சிவப்பு இதயம் போட்ட சீட்டு. ஐந்து ஆட்டின் சேர்ந்தால் அது மூன்று ஒன்பதையும் அடித்துவிடும். அண்ணனிடம் மூன்று ஒன்பது சேர்ந்துவிட்டது, நல்ல பலமான கை. எதிரில் ஹாரன். குவியலில் பன்னிரண்டு வாஷர். அண்ணன் எட்டு வைத்தார். ஏன் எட்டு என்று வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான்.

"அவன்கிட்ட ராணி இருக்கலாம். இல்லேன்னா ரெண்டு ஆட்டின் வச்சுக்கிட்டு இன்னொண்ணு விழுமான்னு காத்திருக்கலாம். நான் ரெண்டு வச்சா, ஆட்டின்காரன் கிட்டத்தட்ட சும்மாவே உக்காந்து வேடிக்கை பாப்பான். முப்பது வச்சா ராணிக்காரன் ஓடிருவான். எட்டு வச்சா, ராணி முணுமுணுத்துக்கிட்டே கூட வரும், ஆட்டின் காத்திருக்கறதுக்குத் தகுந்ததைவிட அதிகமாக் கொடுத்துட்டு வரும்."

"கடைசியில ஏன் கம்மியா வச்சீங்க? அறுபதுக்கு மேல குவிஞ்சு கிடந்துது, இருபதுதானே வச்சீங்க?"

"கடைசிச் சீட்டும் ஆட்டின் இல்ல. இனி ஆட்டின்காரன் எவ்வளவு வச்சாலும் வரப்போறதில்ல. மிச்சம் ராணி மட்டும்தான். ராணியை வச்சுக்கிட்டு ஹாரன் எவ்வளவு தாங்குவான்? இருபதுன்னா 'சரி, என்னதான் இருக்குன்னு பாத்துருவோம்'னு தோணும். தோணிச்சா இல்லையா?"

தோன்றியது. ஹாரன் இருபதை எண்ணிப் போட்டுவிட்டு, மூன்று ஒன்பதைப் பார்த்ததும் "அடப்பாவி மெக்கானிக்கு! பிரேக்கே இல்லாம வந்து மோதற!" என்று கத்தினார். அந்த மாதம் டம்ளர் கழுவியது அவர்தான். ஒன்றை உடைத்தும் வைத்தார்.

எல்லோரிடமும் அண்ணனின் வழி அதுதான். கை பலமாக இருக்கும்போது கடைசியில் சின்னதாக வைப்பார், எதிராளி மறுக்க முடியாத அளவுக்கு.

தம்பியிடம் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. அண்ணனைச் சின்ன வயதிலிருந்து பார்ப்பவன் அவன். அண்ணன் கடைசியில் சின்னதாக வைத்தாரென்றால் பலமான கை என்று ஓரிரண்டு மாதத்திலேயே கண்டுபிடித்துக் கவிழ்த்துவிடுவான். அதனால் அண்ணன் அவனிடம் மட்டும் தலைகீழாக மாற்றிக்கொண்டார். பலமான கை வந்தால் பெரிதாக வைப்பார். தம்பி எப்போதும் கையில் ஒன்றும் இல்லாமலே பெரிதாக வைத்து டூப்பு விடுகிறவன் என்பதால், அண்ணனும் அதைத்தான் செய்கிறார் என்று நம்பிக் கூட வருவான். கையில் ஒன்றும் இல்லாதபோது சின்னதாக வைப்பார். சும்மா விட்டால் தம்பி நாற்பது ஐம்பது என்று வைத்து விரட்டுவான். அதற்கு முன்னால் தானே ஒரு மூன்றோ நாலோ வைத்து, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்பதுபோல நிறுத்துவார்.

அதையும் தம்பி ஒரு வருஷத்துக்குள் பிடித்துவிட்டான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னான், அண்ணன் காதில் விழட்டும் என்றே.

"அக்கா, அண்ணன் என்கிட்ட சின்னதா வச்சா என்ன அர்த்தம் தெரியுமா? கையில ஒண்ணுமில்லடா, விட்டுரு, எந்திரிச்சுப் போலாம்னு கெஞ்சறாரு."

"நீ ஏன்டா அப்ப பெருசா ஏத்தி அடிக்கறதில்ல?" என்றேன்.

"பாவமா இருக்கும்க்கா. மூணு வாஷரைத் தள்ளிட்டு மூஞ்சியைப் பாக்காம ஜன்னலைப் பாப்பாரு. சரி போங்கன்னு கவிழ்த்துருவேன்."

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. நான் உப்பு டப்பாவைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன்.

அவர்கள் கடைசியாகச் சேர்ந்து ஆடி ஆறு வருஷம் ஆகிறது. மழை பெய்த ஒரு காலையில் தம்பி ஓட்டிய பஸ் திருப்பத்தில் நடைபாதை மேல் ஏறி ஒரு கடையின் ஷட்டரில் மோதியது. கடை திறந்திருக்கவில்லை. கண்டக்டருக்கு மட்டும் கால் முறிந்தது. விசாரணையில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அண்ணனிடம் ஒரே கேள்வி கேட்டார்கள். பிரேக் எப்படி இருந்தது?

"நல்லா இருந்தது" என்றார் அண்ணன்.

தம்பிக்கு வேலை போயிற்று. அன்று வீட்டில் அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கொஞ்சம் தளர்வா இருந்திருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தைண்ணா."

"முந்தின நாள் நானே மாட்டின லைனிங்டா அது. எப்படிச் சொல்றது?"

"அப்ப நான்தான் தப்பு."

அண்ணன் ஏதாவது சொல்வார் என்று தம்பி நின்றான், நானும் நின்றேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. தம்பி ஒரு பையில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுடைய சைக்கிள் மட்டும் நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றது. பச்சைச் சைக்கிள். போகும்போதும் வரும்போதும் அதன் ஹேண்டில்பாரில் என் துணி மாட்டிக்கொள்ளும். அதை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று நானும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை.

அவன் எட்டு மணி நேரப் பயணத்தில் உள்ள வேறொரு ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் குழந்தை பிறந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை எனக்குப் போன் செய்வான். குழந்தையின் பல்லைப் பற்றிச் சொல்வான், என் முட்டி வலியைக் கேட்பான். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான். எதிரில் உட்கார்ந்திருக்கும் அண்ணனின் இருமல் அவனுக்குக் கேட்கட்டும் என்று நானும் பேசாமல் இருப்பேன்.

அந்த இருமலை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி இருக்கும். அண்ணன் வாயால் ஊதித்தான் அதைத் துப்புரவாக்குவார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். போன வருஷம் படிக்கட்டில் நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டார். படமெடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் இரண்டும் உள்ளுக்குள் கெட்டித்துப்போயிருக்கிறது என்றார். மூன்று மாதம், அதிகம் போனால் ஐந்து. வெளியே வந்ததும் அண்ணன், "லைனிங் தேஞ்சுபோச்சு, அவ்வளவுதான். அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கற?" என்றார்.

தம்பியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நீ சொல்லாதே. இது என் கை. நான்தான் ஆடணும்."

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், தம்பியை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதை அவர் வாயால் சொன்னதில்லை. வாசல் தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நடுவில் சைக்கிள் நிற்கும்.

ஒரு வாரம் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் மதியம் என்னை அழைத்தார்.

"என் போனை எடு பாப்பா. நான் சொல்றேன், நீ எழுது. எனக்கு விரல் நடுங்குது."

எடுத்தேன். உடனே சொல்லவில்லை. மூச்சு வாங்கி வாங்கிக் கணக்கை என்னிடமே ஒப்பித்தார்.

"அவன் இன்னும் கொதிச்சுக்கிட்டு இருக்கலாம். அப்படின்னா, 'சாகப்போறேன், வா'ன்னு சொன்னா டூப்பு விடறேன்னு நெனப்பான். இல்ல, கோபம் போயிருக்கலாம், எந்த முகத்தோட வர்றதுன்னு கூச்சம் இருக்கலாம். அவன்கிட்ட பெருசாக் கேட்டா மிரண்டுருவான். இல்லேன்னா வேலை, குழந்தை, லீவு கிடைக்காது. அவன்கிட்டயும் பெருசாக் கேக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒண்ணு வைக்கணும். மறுக்கத் தோணாத மாதிரி."

"என்ன எழுதட்டும்ண்ணா?"

"உன் சைக்கிள் இங்க சும்மா நிக்குது. வேணும்னா வந்து எடுத்துக்கோ. அவ்வளவுதான்."

ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். முடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். அப்போதுதான் உறைத்தது. இது ஹாரனுக்கு வைக்கிற பந்தயம். தம்பிக்கு வைக்கிற பந்தயம் இல்லை. தம்பியிடம் அண்ணன் சின்னதாக வைத்தால் அதற்கு வேறு அர்த்தம். கையில் ஒன்றுமில்லை, முடித்துக்கொள்ளலாம், எழுந்து போ. அந்த இரண்டு பேருக்கு நடுவில் ஏழு வருஷம் நின்று பார்த்தவள் நான். ஆறு வருஷமாகத் தம்பிக்கு எதிரில் உட்காராததால் அண்ணனுக்கு அது மறந்துபோயிருக்க வேண்டும். எனக்கு மறக்கவில்லை.

வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருடைய சீட்டையும் பார்க்கிறவர் பேசக் கூடாது என்று அவர் சொன்னதை நினைத்தேனா, இல்லை எப்போதும்போலப் பேசப் பயந்தேனா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "சரி. ஞாயிறு காலை எடுத்துக்கறேன்."

அண்ணன் அதை எட்டுத் தடவையாவது என்னைப் படிக்கச் சொல்லியிருப்பார். வியாழக்கிழமை முடிதிருத்துபவரை வீட்டுக்கு வரவழைத்தார். "குழாயை எடுத்துட்டு வெட்டு, குழாயையும் சேத்து வெட்டிராதே" என்று அவரிடம் ஜோக்கடித்தார். வெள்ளிக்கிழமை சைக்கிளைக் கட்டில் பக்கம் நகர்த்தச் சொன்னார். டியூப் இரண்டும் மக்கிப்போயிருந்தன. டைம் கீப்பர் புது டியூபும் பிரேக் கட்டைகளும் வாங்கிவந்து கொடுத்தார். டியூபை டைம் கீப்பரே மாட்டினார். பிரேக் கட்டைகளை மட்டும் அண்ணன் யாரையும் தொடவிடவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, ஒரு திருகு திருகுவார், ஐந்து நிமிஷம் மூச்சு வாங்குவார். வெள்ளி முழுவதும், சனி பாதி. முடித்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பிரேக்கைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"ஒண்ணும் பேசப்போறதில்ல. ரெண்டு ஆட்டம் போடுவோம். டப்பாவை எடுத்து வை" என்றார். ஓய்வுபெற்ற அன்று டைம் கீப்பர் அவருக்குக் கொடுத்த சீட்டுக்கட்டும் வாஷர்களும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. வாஷர்களை எண்ணி இரண்டு பங்காகப் பிரித்து ஸ்டூல் மேல் வைத்தேன். ஆளுக்கு ஐம்பது.

ஞாயிறு பத்தே காலுக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் மறைத்தார்.

கதவைத் திறந்தேன். மினி லாரி ஒன்று நின்றிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கையில் விலாசம் எழுதிய துண்டுத்தாளோடு நின்றார்.

"இங்க ஏதோ சைக்கிள் எடுக்கணும்னாங்க. நான் அந்தப் பக்கமாத்தான் லோடு போறேன்."

லாரிக்குள் எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

உள்ளேயிருந்து அண்ணன், "யாரு?" என்றார். நான் ஒதுங்கி நின்றேன். அந்த ஆளே இரண்டடி உள்ளே வந்து சொன்னார். அண்ணன் அவரையும் வாசலையும் ஒரு தடவை பார்த்தார்.

"எடுத்துக்கோங்க. பாப்பா, அவருக்கு டீ கொடு."

அவர் டீ குடித்தார். அண்ணன் கட்டிலில் இருந்தபடியே, "கயிறு கட்டும்போது பிரேக் கம்பி மேல கட்டாதீங்க, வளைஞ்சுரும்" என்றார். அவர் தலையை ஆட்டினார். நடைவழியில் சைக்கிள் சாய்ந்திருந்த சுவரில் ஹேண்டில்பார் உரசிய கறை மட்டும் இருந்தது.

லாரிச் சத்தம் அடங்கியதும் குழாயை எடுத்து அவர் மூக்கில் மாட்டினேன். வெகுநேரம் மூச்சு சீராகவில்லை. சீரானதும் ஸ்டூலில் இருந்த வாஷர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யார்கிட்ட வைக்கறோம்னு மறந்துட்டேன். அவன்கிட்ட நான் சின்னதா வைக்கவே கூடாது."

நான் தரையைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

"எழுதும்போதேவா?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் என்னைக் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். கையை நீட்டி என் தலையில் வைத்தார். அந்தக் கைக்குக் கனமே இல்லை.

"நல்ல சுவரு நீ" என்றார்.

"இப்பப் போன் பண்றேன்ண்ணா. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வேண்டாம். அவன் கவிழ்த்துட்டான். கவிழ்த்தவன்கிட்ட சீட்டைத் திறந்து காட்டறது அசிங்கம்."

அந்தச் சொல்லுக்கும் கட்டுப்பட்டேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் அவருக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு தம்பியை அழைத்தேன். வாழ்க்கையில் அன்றுதான் நான் மூச்சுவிடாமல் பேசினேன். மறுமுனையில் வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அண்ணன் மதியம் மூன்றே முக்காலுக்குப் போனார். தம்பி ஆறு மணிக்கு வந்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நான் வந்துட்டேன், அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

எல்லாம் முடிந்த மறுநாள் டிப்போ ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹாரன் வாயே திறக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது மட்டும், "என்னை எத்தனை தடவை டம்ளர் கழுவவிட்டான் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் போன பிறகு குழாயடியில் முப்பது நாற்பது டீ டம்ளர் குவிந்து கிடந்தது. நான் போவதற்குள் தம்பி அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுவ ஆரம்பித்திருந்தான்.

"விடுடா, நான் பாத்துக்கறேன்."

"இருக்கட்டும்க்கா."

நாலைந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

"முடிச்சுக்கலாம்னு சொல்றாருன்னு நெனச்சேன்க்கா. என் பொருள் ஒண்ணுகூட வீட்ல இருக்க வேண்டாம்னு. என்கிட்ட சின்னதா வச்சா அப்படித்தானே?"

"ஆமா. உன்கிட்ட அப்படித்தான்."

"சைக்கிள் வந்ததும் பாத்தேன். பிரேக் கட்டை புதுசா இருந்துச்சு. கையால பிடிச்சுப் பாத்தேன், அவ்வளவு நல்லா நின்னுச்சு. லாரிக்காரன் ஏன் பிரேக்கை மாத்தினான்னு யோசிச்சேன். அதுக்கு மேல யோசிக்கல பாரு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை மூட மறந்திருந்தான்.

"உனக்குத் தெரியுமாக்கா? அவர் நெனச்சதும், நான் நெனைக்கப்போறதும்?"

"தெரியும்."

"ரெண்டுமேவா?"

"ரெண்டும்தான்."

அவன் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நான் உட்கார்ந்து அடுத்த டம்ளரை எடுத்தேன். அண்ணன் டீ குடித்த டம்ளரும் அந்தக் குவியலில்தான் எங்கேயோ இருந்தது. எது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கழுவினோம்.